குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தும் முன்: பராமரிப்பாளர் வகைகளும் தேர்ந்தெடுக்கும் முறையும்

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று முடிவு செய்ததும் பெரும்பாலான பெற்றோர் முதலில் செய்வது, தெரிந்தவர்களிடமெல்லாம் "நல்ல ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டு வைப்பதுதான். ஆனால் நல்ல ஆள் யார் என்பது அவர் எந்த வேலைக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தது. பச்சிளங்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கப் பழகியவர், பள்ளிவிட்டு வரும் எட்டு வயதுப் பிள்ளையின் மாலைப் பொழுதுக்குப் பொருந்தாமல் போகலாம்; பெரிய பிள்ளைகளோடு ஓடியாடி விளையாடுபவர் இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கவே தயங்கலாம். ஆகையால் ஆளைத் தேடும் முன் வேலையைத் தாளில் எழுதிவிடுங்கள். பின்னாளில் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி, எழுதாமல் விட்ட வேலையிலிருந்தே பிறக்கிறது.

ஒரு வாரத்தின் ஏழு நாட்களையும் வரைந்து, ஒவ்வொரு நாளும் பெற்றோர் இருவரும் வீட்டில் இல்லாத நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு பயண நேரத்தையும், காலையில் குழந்தையை ஒப்படைக்கவும் மாலையில் திரும்பப் பெறவும் ஆகும் கால் மணி நேரத்தையும் சேர்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் குழந்தை எப்போது பால் குடித்தது, எவ்வளவு நேரம் தூங்கியது, இன்று ஏன் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது என்பதெல்லாம் கைமாறுகின்றன. எட்டு மணி நேர அலுவலக வேலை என்று நாம் சொல்வது, பராமரிப்பாளருக்குப் பத்து மணி நேர வேலையாகிவிடுவது இப்படித்தான்.

அடுத்து, வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். ஊட்டுதல், குளிப்பாட்டுதல், தூங்க வைத்தல், விளையாடுதல் ஆகியவை குழந்தைக்கு நேராகச் செய்பவை. பால் புட்டிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வது, குழந்தையின் துணிகளைத் துவைத்து மடிப்பது, விளையாட்டுப் பொருட்களைத் துடைத்து வைப்பது ஆகியவை குழந்தையை ஒட்டியவை. பெரியவர்களுக்குச் சமைப்பதும் வீடு முழுவதையும் பெருக்கித் துடைப்பதும் வீட்டு வேலை. முதல் இரண்டையும் பராமரிப்பாளர்கள் இயல்பாகவே ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவதும் வேண்டுமென்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லி, அதற்குரிய சம்பளத்தையும் பேச வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்வது முடியாததன்று. ஆனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், அடுப்பும் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒருவர் பொறுப்பில் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எத்தனை வகையினர்

மிகப் பரவலான வகை, பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் முழுநேரப் பராமரிப்பாளர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இதுவே பொருந்தும். வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது இருவருக்கும் தெளிவாக இருப்பதால் உறவும் சீராகப் போகும். பிள்ளை பள்ளி செல்லத் தொடங்கிய பிறகு பகுதிநேரமே போதும். பள்ளியிலிருந்து அழைத்து வருவது, சிற்றுண்டி கொடுப்பது, வீட்டுப்பாடத்தின்போது உடனிருப்பது என்று அவருடைய வேலை மாறிவிடுகிறது.

வீட்டோடு தங்கும் பராமரிப்பாளரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் எந்நேரமும் அழைக்கலாம் என்ற எண்ணம் நல்ல மனம் கொண்ட குடும்பங்களுக்கும் எளிதில் வந்துவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்றுக்கொண்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த, வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆவது உடன்படிக்கை இந்த இடத்தில் தெளிவான அளவுகோல்களைத் தருகிறது. வாரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேர ஓய்வு, தனிமையை மதிக்கும் தங்குமிடம், அடையாள ஆவணங்களைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை, ஓய்வு நேரத்தில் அந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமின்மை ஆகியவை அதில் உள்ளன. கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்க வைக்கும் நேரத்தையும், நாட்டுச் சட்டமும் கூட்டு ஒப்பந்தங்களும் வகுக்கும் அளவில், வேலை நேரமாகவே கருத வேண்டும் என்கிறது அந்த உடன்படிக்கை. உங்கள் நாடு அதை ஏற்று உறுதிசெய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றைப் பின்பற்றுங்கள். உறங்கி ஓய்வெடுத்த ஒருவரின் கையில்தான் உங்கள் குழந்தை இருக்க வேண்டும்.

பிறந்த முதல் சில வாரங்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இரவில் மட்டும் வருவார்கள். பால் கொடுக்கும் நேரங்களைக் குறித்து வைப்பது, ஏப்பம் விட வைப்பது, தாய் சில மணி நேரமாவது தொடர்ந்து தூங்க வழி செய்வது இவர்களின் பணி. டூலா எனப்படும் பேறுகாலத் துணையாளரை இவர்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டூலாவின் கவனம் முதன்மையாகத் தாயின் மீது இருக்கும்; தாயின் உடல் தேறுவதற்கும் மனம் தளராமல் இருப்பதற்கும் அவர் துணை நிற்பார். இருவருமே மருத்துவரோ செவிலியரோ அல்லர் என்பதால், காய்ச்சல், மஞ்சள்காமாலை போன்றவற்றில் இவர்களுடைய கருத்தை மட்டும் நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

தாய் வீட்டில் இருக்கும்போதே கூடமாட உதவும் உதவியாளரும், ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் வரும் பேபி சிட்டரும் வேறு வகையினர். இவர்களிடம் முழுநேரப் பராமரிப்பாளருக்குரிய பொறுப்பை எதிர்பார்ப்பது முறையாகாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரே பராமரிப்பாளரை அமர்த்திக்கொள்ளும் பகிர்வு முறையில் செலவு குறைகிறது, குழந்தைக்கும் துணை கிடைக்கிறது. ஆனால் யாருடைய வீட்டில் வைத்துப் பார்ப்பது, ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது, ஒரு குடும்பம் விலகினால் மறு குடும்பத்துக்கு எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் இரு குடும்பங்களும் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

ஓ பேர் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சமநிலையில் என்பது அதன் பொருள். வேறொரு நாட்டிலிருந்து வரும் இளைஞர், குடும்பத்தில் ஒருவராகத் தங்கி, உறைவிடமும் கைச்செலவுப் பணமும் பெற்றுக்கொண்டு குழந்தைகளைப் பார்ப்பதோடு அந்நாட்டு மொழியையும் கற்கும் ஏற்பாடு இது. 1969-இல் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்பந்தம், இவர்களுடைய வேலை பொதுவாக நாளுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. நாடுகளின் விசா விதிகள் இன்று வேறுபடுகின்றன. பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக வரும் இவரை, குறைந்த செலவில் கிடைக்கும் முழுநேர ஆளாக எண்ணி அழைப்பது தவறு.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கெனப் பயிற்சி பெற்றவர்களைத் தேடும்போது, பொதுவான அனுபவத்தைவிட உங்கள் குழந்தையின் நிலையிலேயே அனுபவம் உண்டா என்று பாருங்கள். வலிப்பு வரும் குழந்தையைப் பார்த்தவருக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தையோடு பழகியவருக்கும் தெரிந்தவை வேறு வேறு. குழந்தை வளர்ப்பை ஒரு படிப்பாகவே கற்றுத் தேர்ந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1892-இல் எமிலி வார்டு தொடங்கிய நார்லாந்து நிறுவனம் இன்றுவரை இப்பயிற்சியை அளித்து வருகிறது. சான்றிதழ் இருப்பது நல்லதே என்றாலும், நேரில் பார்த்துப் பேசுவதற்கு அது மாற்றாகிவிடாது.

நேர்காணலும் சரிபார்ப்பும்

ஏஜென்சி வழியாகத் தேடுவதாக இருந்தால், "சரிபார்த்த ஆட்கள்" என்று அவர்கள் சொல்லும்போது எதையெல்லாம் சரிபார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்ததை மட்டுமே சரிபார்ப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அமர்த்தியவர் சில வாரங்களிலேயே விலகினால் மாற்று ஆள் தருவார்களா, கட்டணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். தெரிந்தவர் சொல்லி வந்தவரானாலும் சரிபார்ப்பைத் தளர்த்த வேண்டாம்.

நேர்காணலில், "குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக நீங்கள் பார்த்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது என்ன செய்தீர்கள், சாப்பிட மறுத்த பிள்ளையை எப்படிச் சமாளித்தீர்கள், முந்தைய வீட்டில் எதில் கருத்து வேறுபாடு வந்தது என்று கேட்டால், பதிலில் மனிதர் தெரிவார்.

பாதுகாப்பு பற்றிய அறிவை நேரடியாகவே சோதிக்க வேண்டும். கைக்குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையில், உறுதியான சமதளமான படுக்கையில், தலையணையோ மென்மையான பொம்மைகளோ இல்லாமல் தூங்க வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா? ஒரு வயது நிரம்பும் வரை தேன் கொடுக்கக் கூடாது என்பது தெரியுமா? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சும் அழுகையும் நின்றால், முதுகில் ஐந்து தட்டு, பிறகு மார்பில் ஐந்து அழுத்தம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும் என்பதைச் செய்து காட்ட முடியுமா? சில அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும் என்பதால் குளியலின்போது ஒரு நொடியும் நகரக் கூடாது என்பதை உணர்ந்திருக்கிறாரா? முதலுதவிப் பயிற்சி இல்லாதவராக இருந்து மற்ற வகையில் உங்களுக்குப் பிடித்திருந்தால், செலவை நீங்களே ஏற்று அவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இன்னொரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்: "குழந்தை ஒரு மணி நேரமாக அழுகையை நிறுத்தவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" பச்சிளங்குழந்தையின் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தணிவது வழக்கம். அந்தக் காலத்தில் பொறுமை இழந்து குழந்தையைக் குலுக்கிவிட்டால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். "எனக்குக் கோபமே வராது" என்பவரைவிட, "முடியவில்லை என்றால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்குவேன், உங்களை அழைப்பேன்" என்பவரை நான் நம்புவேன்.

முன்பு வேலை பார்த்த வீடுகளுக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அவர் அங்கே இருந்த காலத்தையும் அப்போது குழந்தைக்கு என்ன வயது என்பதையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "வாய்ப்பு இருந்தால் மறுபடியும் அவரையே அமர்த்துவீர்களா?" என்று முடிவில் கேளுங்கள், பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு, கக்குவான் இருமல், இன்ஃபுளுவென்சா ஆகியவற்றுக்கான தடுப்பூசி விவரம், வாகனம் ஓட்டுவதானால் ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இரண்டு மூன்று நாட்கள் வந்து பார்க்கச் சொல்லி, அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.

ஒப்பந்தமும் முதல் வாரங்களும்

எழுத்து ஒப்பந்தம் ஒரு பக்கமே இருந்தாலும் போதும். வேலை நேரம், வேலைகளின் பட்டியல், சம்பளமும் அது தரப்படும் நாளும், கூடுதல் நேரத்துக்கான தொகை, விடுப்பு, சோதனைக் காலம், விலக எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். நீங்கள் ஊருக்குப் போகும் வாரங்களில் சம்பளம் உண்டா என்பதைப் பலர் பேச மறந்துவிடுகிறார்கள். அவர் அந்த நேரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பதால், தர வேண்டும் என்பதே என் எண்ணம். அவரை அமர்த்துவதால் நீங்கள் சட்டப்படி முதலாளி ஆகிறீர்கள். வரி, காப்பீடு, குறைந்தபட்ச ஊதியம் குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் கையெழுத்திடும் முன் உங்கள் இடத்து விதிகளைக் கேட்டு அறியுங்கள்.

வீட்டில் கேமரா இருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்; குளியலறையிலும் அவர் உறங்கும் அறையிலும் அது கூடவே கூடாது. குழந்தையின் படத்தை யாருக்கு அனுப்பலாம், திரை பார்க்க எவ்வளவு நேரம் அனுமதி, எந்தச் சூழ்நிலையிலும் அடிக்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். குழந்தையின் எடை, ஒவ்வாமை, மருத்துவரின் எண், உங்கள் இருவரையும் பிடிக்க முடியாதபோது அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை கூடக் கூடத் தாளையும் மாற்றுங்கள். உங்களைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைகள் வேற்றுமுகம் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த வயதில் புதியவரை அமர்த்தினால் அழுகை இருக்கத்தான் செய்யும்; அதை வைத்து ஆள் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் அரை நாள் என்று பழக்குங்கள். கிளம்பும்போது சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஒளிந்து போனால் அடுத்த நாள் குழந்தை உங்களைவிட்டு இறங்கவே மறுக்கும். பல வாரங்கள் கடந்தும் குழந்தை அவரைக் கண்டு ஒடுங்குகிறது, காரணம் தெரியாத காயங்கள் தென்படுகின்றன, கேட்கும்போதெல்லாம் விளக்கம் மாறுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில மாதங்களில் குழந்தை அவரிடமே தாவிப் போகும். சில பெற்றோருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. அதற்காகவே ஆளை மாற்றியவர்களும் உண்டு. நம் அகப்பாடல்கள் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்று அழைத்து, பெற்றவளான நற்றாயின் பக்கத்திலேயே நிறுத்தின. ஒருவரிடம் ஒட்டிக்கொண்ட குழந்தைக்கு இன்னொருவரிடமும் ஒட்டிக்கொள்ள மனம் இருக்கிறது. அந்த ஒட்டுதலை அடிக்கடி அறுப்பதுதான் அதற்கு வலி.

அவர் விலகும் நாள் வந்தால், அதைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். புரியும் வயதென்றால் சில நாட்கள் முன்பே சொல்லுங்கள்; இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். புதியவர் வருவதற்கும் பழையவர் போவதற்கும் இடையில் ஒரு வாரமாவது இருவரும் சேர்ந்து வேலை செய்யும்படி அமைத்து, அந்த வாரத்துக்கு இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். எந்தப் பாட்டுக்குத் தூங்கும், எந்தப் போர்வை வேண்டும், தட்டில் எது எதைத் தொட்டால் சாப்பிடாது என்பதையெல்லாம் புதியவர் அந்த வாரத்தில் பழையவரிடமே நேரில் கற்றுக்கொள்வார்.