அடிமைமுறை விரிவாக்க விவாதத்தை வரைபடத்தின் துணையோடு படிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன், இன்னும் மாநிலமாகாத மேற்குப் பிரதேசங்களில் அடிமைமுறையை அனுமதிக்கலாமா என்று நடந்த விவாதத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள், ஆண்டுகளை மனப்பாடம் செய்யாமல், முதலில் ஒரு வரைபடத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மிசௌரி மாநிலத்தின் தென் எல்லையிலிருந்து, 36 பாகை 30 கலை அட்சரேகையில் மேற்கு நோக்கி ஒரு கோடு இழுங்கள். லூயிசியானா கொள்முதலில், அதாவது பிரான்ஸிடமிருந்து வாங்கியதில், கிடைத்த நிலத்தில், மிசௌரி நீங்கலாக, அந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்பதே 1820-ஆம் ஆண்டு உடன்பாடு.

அடுத்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை, செனட் சபையின் கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள் என்பதால், புதிய மாநிலம் ஒவ்வொன்றும் அதிகாரச் சமநிலையை அசைத்தது. அடிமைமுறையை அனுமதித்த மிசௌரிக்கு ஈடாக, அதை அனுமதிக்காத மெய்ன் மாநிலம் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமைமுறையைத் தடைசெய்யக் கோரிய 1846-ஆம் ஆண்டு வில்மட் தீர்மானத்தையும், கலிபோர்னியாவை அடிமைமுறை இல்லாத மாநிலமாக ஏற்ற 1850-ஆம் ஆண்டு சமரசத்தையும் குறித்துக்கொண்டு, 1854-க்கு வாருங்கள்.

இங்கே நிதானமாக நில்லுங்கள். செனட் உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் நீங்கள் வரைந்த கோட்டையே அழித்து, முடிவைக் குடியேறியவர்களிடம் விட்டது. கன்சாஸில் இரத்தம் சிந்தியது. 1857-இல், அடிமைப்பட்டிருந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கும் அதிகாரமே காங்கிரஸுக்கு இல்லை என்றது.

பின்னர், 1858-இல் லிங்கனும் டக்ளஸும் நிகழ்த்திய ஏழு விவாதங்களைப் படியுங்கள். ‘மக்களே முடிவு செய்யட்டும்’ என்ற வாதம் வரும் இடங்களிலெல்லாம், அந்த மக்களில் அடிமைப்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்களா என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.