தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை, பூனைக்கு?

புரசைவாக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். எலிக்காக வளர்க்க ஆரம்பித்த பூனை, இப்போது எலி இல்லாவிட்டாலும் இருக்கிறது. மிளகு பெண், பதினொரு வயது. கிராம்பு ஆண், நாலு வயது.

இவர்களுக்கு முன்னால் வெல்லம் என்று ஒருவன் இருந்தான். ஒரு நாள் மண் தட்டில் உட்கார்ந்து முக்குவான், எழுந்து போவான், ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்து உட்காருவான். மலச்சிக்கல் என்று நானே முடிவுகட்டி விளக்கெண்ணெய் கொடுத்தேன். உண்மையில் அவனுக்கு மூத்திரம் அடைத்திருந்தது. மறுநாள் சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. ஆறு வருஷம் வளர்த்தும் அவனை ஒரு தடவைகூட டாக்டரிடம் காட்டியதில்லை. நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தேன்.

கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். நன்றாகத்தானே காட்டுகிறது என்று முத்திரை ஆய்வாளரிடம் சொல்லிப் பாருங்கள்! தராசு தப்பாகக் காட்டினாலும் வெளியே தெரியாது, அதனால்தான் முத்திரை. பூனையும் அப்படித்தான். வலித்தால் நாய் முனகும், பூனை பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் இன்னொன்றுக்கு இரையாகிவிடும் என்ற பழக்கம், வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

கணக்கு சுலபம். பத்து வயதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர். அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஏனென்றால் பூனைக்கு ஒரு வருஷம் என்பது நமக்குப் பல வருஷம். குட்டியாக இருந்தால் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் கூட்டுத் தடுப்பூசி (பல நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி). மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் வருஷம் ஒன்று. ‘வெளியே விடுவதே இல்லையே’ என்பார்கள். மொட்டை மாடிக் கதவு திறந்திருக்கும் ஒரு ராத்திரி போதும்.

டாக்டரிடம் போவதைவிட முக்கியம், கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பது. கடைக்குப் புதுத் தராசு வாங்கியதும் பழைய எலக்ட்ரானிக் தராசை மாடிக்குக் கொண்டுபோனேன். (கடைத் தராசில் பூனை ஏறுகிறது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) பிஸ்கட் அட்டைப்பெட்டியை மேலே வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்தினால் சைபர் காட்டும். பெட்டியைக் கண்டால் பூனை தானாக ஏறி உட்காரும், பிடித்துவைக்க வேண்டியதே இல்லை. மாதம் ஒன்றாம் தேதி எடையைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன்.

மிளகுக்கு ஒன்பது வயதானபோது அந்தப் பக்கம் இப்படி இருந்தது: ஜனவரி 4.120, பிப்ரவரி 4.060, மார்ச் 3.960, ஏப்ரல் 3.780. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அத்தனை ரோமம். வீட்டில் சொன்னபோது, “வெயில் காலம், அதுதான்” என்றார்கள். ஆனால் 340 கிராம் குறைந்திருக்கிறது. எழுபது கிலோ ஆள் மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்த மாதிரி. தண்ணீர்க் கிண்ணத்தையும் தினம் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை நிரப்புகிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்ததும் ரத்தம், மூத்திரம் இரண்டையும் பரிசோதிக்கச் சொன்னார். மூத்திரம் அடர்த்தியே இல்லாமல் தண்ணியாக இருந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிறுநீரகத்தில் முக்கால்வாசி வேலை போன பிறகுதான் அந்த எண் நன்றாக ஏறும், மூத்திரத்தின் அடர்த்தி அதற்கு முன்பே குறையும் என்றார். அதனால் ஏழு எட்டு வயது தாண்டிய பூனை என்றால், டாக்டர் சொல்லாவிட்டாலும் மூத்திரப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மிளகுக்கு உலர்தீனியைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றினோம். இன்றும் அரிசி மூட்டைமேல்தான் தூங்குகிறாள்.

நோட்டில் எடையோடு இன்னும் சிலதும் எழுதுகிறேன்: தட்டில் ஒரு நாளைக்கு மூத்திரத்தில் நனைந்து திரண்ட மண் கட்டி எத்தனை, வாந்தி உண்டா, முன்பு தாவிய அலமாரிக்கு இப்போதும் தாவுகிறதா. இருமினாலோ நொண்டினாலோ போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். டாக்டர் மேஜையில் எந்தப் பூனையும் நொண்டாது, பயத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும்.

கூட்டிப்போவதில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். கூடையைப் பரணிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கினால் பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிடும். ஒரு வாரம் முன்னாலேயே கதவைத் திறந்து வீட்டு நடுவில் வையுங்கள், உள்ளே நீங்கள் உடுத்திய பழைய லுங்கி ஒன்று, இரண்டு கருவாட்டுத் துண்டு. மேல்மூடி தனியாகக் கழலும் கூடையாக வாங்குங்கள். மூடியை மட்டும் எடுத்தால் கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே டாக்டர் பார்த்துவிடலாம். ஆட்டோவில் கூடைமேல் துண்டைப் போர்த்துங்கள். நாங்கள் சில சமயம் போகும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேயே தொடங்கியது. அங்கே நாய் முதல் ஆடுவரை எல்லாம் வரும். கூடையைத் தரையில் வைக்காதீர்கள், நாய் மூக்கு நேராக அங்கேதான் வரும். பெஞ்சில் வையுங்கள்.

டாக்டர் ஈறைப் பார்க்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். ரோஜா நிறம் நல்லது, பல்லடியில் சிவப்புக் கோடு என்றால் ஈறு வீக்கம், மஞ்சள் என்றால் கல்லீரலையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம் வயிற்றை அமுக்கிச் சிறுநீரகம், மூத்திரப்பை, கட்டி ஏதும் உண்டா என்று தடவுவார். வயதான பூனைக்குக் கழுத்தில் தைராய்டையும் தடவிப் பார்ப்பார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

சிலவற்றுக்கு வருஷ முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள், ராத்திரி என்றாலும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் காட்டுங்கள். பட்டினி கிடந்தால், அதிலும் குண்டுப் பூனையென்றால், கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. என் கடையில் பூனைக்கென்று பால் பாக்கெட் வாங்குபவர்கள் உண்டு. விற்கிறேன்தான், ஆனால் வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கு என்பதையும் சொல்லித்தான் விற்கிறேன்.

வீடு திரும்பியதும் ஒன்று. போன தடவை மிளகைக் கூடையிலிருந்து இறக்கியதுமே கிராம்பு முதுகை வளைத்துச் சீறினான். தினமும் அவளை நக்கிக்கொண்டு கிடப்பவன், ஆஸ்பத்திரி வாசனையில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் வந்தவளை அரைநாள் ஸ்டோர் ரூமில் விட்டுவிடுகிறேன். கிராம்பின் துணியை எடுத்து அவள் முதுகில் நாலு தடவை தேய்த்துவிட்டுக் கதவைத் திறந்தால், ஒன்றுமே நடக்காதது போல் இரண்டும் மூட்டைமேல் ஏறிவிடும்.