கச்சேரிக்கு ஃபோட்டோகிராபர் அமர்த்தும்போது கேட்க வேண்டியவை

இணையத்தில் ஒருவர் போட்டு வைத்திருக்கும் பத்துப் பதினைந்து அழகான படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவை பல வருடங்களில் எடுத்தவற்றிலிருந்து பொறுக்கியவையாக இருக்கலாம். "ஒரே ஒரு நிகழ்ச்சி, அதில் நீங்கள் கொடுத்த மொத்தப் படங்களையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வெளிச்சம் குறைவான சின்ன அரங்கமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் பார்க்க வேண்டியது இவைதான்: சிவப்பு, நீல விளக்கின் கீழ் முகத்தில் கண்ணும் மூக்கும் தெரிகிறதா? பாடுபவரின் வாயை மைக் மறைக்கிறதா? பின்வரிசையில் இருக்கும் தாளக் கலைஞருக்கு ஒரு நல்ல படமாவது இருக்கிறதா? எல்லாப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததுபோல் இருந்தால் அவர் நகரவே இல்லை என்று பொருள்.

திருமணப் படத்தில் தேர்ந்தவர் மேடைக்கும் சரிப்படுவார் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. திருமணத்தில் ஃபிளாஷ் போடலாம், "இன்னொரு முறை சிரிங்க" என்று சொல்லலாம். மேடையில் இரண்டுக்கும் வழியில்லை.

கேமரா பற்றி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் லென்ஸ் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். 24-70 (கிட்டத்துக்கு), 70-200 (தூரத்துக்கு) என்ற இரண்டு லென்ஸும் எஃப் 2.8 என்று சொன்னால் நிம்மதி. எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 5.6 லென்ஸ் அதில் கால்வாசி வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். 1/200 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/50 நொடியில் எடுக்க வேண்டிவரும், கை அசைவெல்லாம் கலங்கிவிடும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவை, 3200-இலிருந்து 12800-க்கு ஏற்ற வேண்டும், முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். நின்று பாடுபவருக்கு 1/200 போதும். டிரம்ஸுக்கும் நடனத்துக்கும் 1/500-ஆவது வேண்டும். இரண்டு கேமரா வைத்திருக்கிறாரா, ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகிறதா என்பதையும் கேளுங்கள். கார்டு பழுதானால் கச்சேரியை மறுபடி நடத்த முடியாது.

அமைதியான கச்சேரி என்றால் ஷட்டர் சத்தம் பெரிய தொல்லை. மென்மையாக இழையும் இடத்தில் 'டக் டக்' என்று கேட்டால் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும், ஒலிப்பதிவிலும் விழும். மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்குச் சத்தமே கிடையாது. ஆனால் அதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. எல்இடி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சென்சாரோ, எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. விளக்கு அணைந்த கணத்தில் படித்த வரிகள் இருட்டாகிவிடும். முகத்தின் குறுக்கே கருப்புப் பட்டை பட்டையாக விழும். இதைப் பின்னால் எடிட் செய்து சரிப்படுத்துவது மிகக் கடினம். அதனால் "எல்இடி விளக்கில் பட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். சவுண்ட் செக்கின்போதே சோதித்துப் பார்ப்பேன், ஷட்டர் வேகத்தை மாற்றுவேன், இசை உரக்கப் போகும் இடங்களில் மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போவேன் என்ற மாதிரி பதில் வந்தால் ஆள் அனுபவசாலி.

இனி உங்கள் பக்கத்து வேலை. மேடைப் படங்கள் கெடுவதில் பெரும்பங்கு விளக்குக்குத்தான், அது ஃபோட்டோகிராபர் கையில் இல்லை. முழுச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் சென்சாரில் சிவப்பு நிரம்பி வழியும், மற்ற நிறங்களில் ஒன்றுமே இருக்காது. முகம் தட்டையான சிவப்புத் திட்டாகிவிடும். கருப்பு வெள்ளையாக்கி ஓரளவு காப்பாற்றலாம், அவ்வளவுதான். லைட்டிங் பார்ப்பவரிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு மூன்று பாடல்களுக்காவது முன்பக்கத்திலிருந்து வெள்ளை விளக்கோ மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கோ முகத்தில் விழும்படி கேட்டு வையுங்கள். பின்னால் எல்இடி திரை இருந்தால் அதன் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். திரை பளீரென்று எரிந்தால் முன்னால் நிற்பவர் நிழலுருவம் ஆகிவிடுவார். காசு செலவில்லாமல் படத்தின் தரத்தை உயர்த்த இதைவிட நல்ல வழி இல்லை.

பெரிய கலைஞர்களின் நிகழ்ச்சிகளில் "முதல் மூன்று பாடல்கள் மட்டும், ஃபிளாஷ் கூடாது" என்ற கட்டுப்பாடு உலகமெங்கும் வழக்கம். கலைஞர் தரப்பில் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டு, ஃபோட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி இருந்தால் அந்த நல்ல வெளிச்சம் முதல் மூன்று பாடல்களிலேயே வந்தாக வேண்டும். எங்கே நிற்கலாம், மேடையோரம் ஏறலாமா, வீடியோ கேமரா எந்தப் பக்கம் என்பதையும் முடிவு செய்யுங்கள். மைக்கை வலது கையில் பிடிப்பவரை அவருடைய இடப்பக்கத்திலிருந்து, நேர் எதிராக இல்லாமல் சற்றுச் சாய்வாக எடுத்தால்தான் முகம் திறந்து தெரியும். அந்தப் பக்கம் ஸ்பீக்கரை அடுக்கி வழியை அடைத்துவிடாதீர்கள்.

ஒரு தாளில் பாடல் வரிசை, யாருடைய தனி வாசிப்பு எப்போது, கட்டாயம் வேண்டிய படங்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். இருபது வரிக்குப் பட்டியல் போட்டால் அவர் பட்டியலைத்தான் பார்ப்பார், மேடையைப் பார்க்க மாட்டார். ஐந்தாறு போதும். குழுப் படத்தைச் சவுண்ட் செக் முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது நடக்காத காரியம்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார், நேரம் நீண்டால் மணிக்கு எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு எடிட் செய்த 80 முதல் 120 படங்கள் நியாயமான எண்ணிக்கை. ஆயிரம் படம் தருகிறேன் என்பவர் பொறுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார். சமூக ஊடகத்துக்குப் பத்துப் படங்கள் மறுநாள் காலையிலும், மீதி ஒரு வாரம் பத்து நாளிலும் வேண்டும் என்று தேதியோடு குறியுங்கள். ரா ஃபைல்களை (கேமராவில் பதிந்த, எடிட் செய்யாத மூலக் கோப்புகள்) பெரும்பாலானோர் தர மாட்டார்கள், அதை வற்புறுத்த வேண்டியதில்லை. அட்வான்ஸ் பாதி, படம் வந்ததும் மீதி என்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் மாற்றாக யார் வருவார், நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

தகராறு வருவது பெரும்பாலும் உரிமை விஷயத்தில்தான். காசு கொடுத்துவிட்டதால் படம் நமக்கே சொந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. பல நாடுகளில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பதிப்புரிமை (காப்பிரைட்) படம் எடுத்தவரிடமே இருக்கும். சுவரொட்டி, ஆல்பம் அட்டை, ஸ்பான்சர் விளம்பரம் என்று எங்கெல்லாம் படத்தைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். விளம்பரம் என்றால் மேடையில் இருக்கும் கலைஞரின் சம்மதமும் தனியாக வேண்டும்.

நிகழ்ச்சி அன்று பாஸைக் கையில் கொடுத்து, அரங்க ஆட்களுக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள். வாசலில் தடுத்து நிறுத்திவிட்டால் முதல் பாடல் போச்சு. கருப்பு உடை அணிந்து வரச் சொல்லுங்கள். இன்னொன்று, இருட்டில் ஃபோகஸுக்காகக் கேமராவின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஃபிளாஷை அணைத்தவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். அது பாடுபவரின் கண்ணில் நேராக அடிக்கும். ஆரம்பிக்கும் முன் அணைத்தாயிற்றா என்று ஒரு முறை கேளுங்கள்.

படங்கள் வந்ததும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபோன் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். ஏ3 அளவில் தரமாக அச்சிட 4961 x 3508 பிக்சல் வேண்டும். சமூக ஊடகத்துக்கென்று சுருக்கித் தந்த 2048 பிக்சல் படம் அங்கே மங்கிவிடும். இரண்டு அளவிலும் வாங்கிக்கொண்டு, வேறு வேறு இரண்டு இடங்களில் சேமித்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.