கன்சிலுக்கு டர்போ என்ஜின் ஏற்றும் முறை

அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய வண்டி இது. 1998-ஆம் ஆண்டு கன்சில் 850, மலேசியாவின் பெரோடுவா கம்பெனி செய்த சின்னக் கார், கார்புரேட்டர் வண்டி. தோட்டத்து லயத்தை விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்குப் பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த பிறகும் அவர் அதைத்தான் ஓட்டினார். தைப்பிங்கில் என் தங்கை இருக்கிறாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் செக்கப் முடிந்தால் நேராக அங்கே போவோம். நாலு பேர் உட்கார்ந்து ஏர்கோனும் போட்டால், மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் வண்டி மூன்றாவது கியரில் முனகும். பின்னால் வரும் கண்டெய்னர் லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்க நிறைந்துவிடும். "ஏர்கோன அடைச்சிருப்பா, மேடு ஏறட்டும்" என்பார் அப்பா. அந்த மேட்டுக்காகத்தான் நான் டர்போவுக்குப் போனேன், என்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் விசிறி அது.

நான் தோட்டத்துப் பட்டறையில் 22 வருடமாக லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கிறவன். சொந்த வண்டியைச் சேர்த்து இதுவரை ஆறு கன்சிலுக்கு டர்போ ஏற்றியிருக்கிறேன். ஆறிலும் நான் கண்ட முறை ஒன்றுதான்: என்ஜினைக் கடைசியில் ஏற்ற வேண்டும். நம் பையன்கள் ஹாப்கட் (ஜப்பானில் ஓடிய வண்டியை வெட்டி, என்ஜினோடு வரும் முன்பாதி) வந்து இறங்கிய அன்றைக்கே பழைய என்ஜினைக் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் வண்டி மாதக்கணக்கில் கல்லின் மேல் நிற்கும். பொறுமையும் காசும் தீர்ந்த நேரத்தில் பிரேக்கை மாற்றாமலே ரோட்டில் இறக்கிவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

முதலில் எந்த என்ஜின் என்று முடிவு செய்யுங்கள். 1994-இல் வந்த கன்சில், ஜப்பானின் டைஹட்சு மீரா எல்-200 வண்டியிலிருந்து பிறந்தது. அதனால் மீரா குடும்பத்து என்ஜின்கள் இதற்கு அந்நியம் இல்லை. ஹாப்கட் கடையில் என்ஜின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எந்த வண்டியிலிருந்து வெட்டியது என்பதை வைத்து எல்-2, எல்-5, எல்-7, எல்-9 என்பார்கள். எல்-2, எல்-7 பெரும்பாலும் மூன்று சிலிண்டர். எல்-9 மூன்றிலும் வரும், நாலிலும் வரும். எல்-5 டர்போ நாலு சிலிண்டர். எல்லாமே 659 சிசிதான், ஜப்பானில் சின்ன வண்டிக்கு 660 சிசிதான் எல்லை. சக்தியும் எல்லாவற்றுக்கும் 64 குதிரைத்திறன்தான். அதற்கு மேல் போவதில்லை என்று அங்குள்ள கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பு அது. ஆகவே எல்-5 பெரிய பலசாலி என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நாலு சிலிண்டர் அதிராமல் ஓடும், சத்தமும் இனிமை, அது உண்மை. ஆனால் கன்சிலின் மூக்குக்குள் கை விட இடம் இருக்காது. என் விருப்பம் எல்-7.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய 850 என்ஜினின் சிலிண்டர் விட்டம் 66.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 81. மூன்று சிலிண்டர் எல்-7-இல் விட்டம் 68, தூரம் 60.5 மட்டுமே. நீளமாக மிதிக்கும் என்ஜினை எடுத்துவிட்டுக் குட்டையாக மிதிப்பதை வைக்கிறோம். டர்போ சுழன்று காற்றைத் தள்ளத் தொடங்கும் வரை வண்டி பழையதைவிடச் சோம்பலாக இருக்கும். பசார் பக்கம் மூன்றாவது கியரில் உருட்டிப் பழகியவர்கள் இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். இது என்ஜினின் குணம், பழுது இல்லை. இது தெரியாமல் நல்ல டர்போவைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரும் டார்ச் லைட்டும் கொண்டு போங்கள். மூன்று சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 20 பிஎஸ்ஐ குறைந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி விசிறித் தண்டை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் கையில் உணரும்படி ஆடக் கூடாது, விசிறி சுவரில் உரசிய கோடும் இருக்கக் கூடாது. இசியூ (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), முழு ஒயரிங், ஏர்கோன் கம்ப்ரஸர் பிராக்கெட், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாப்ட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். ஒயரிங்கைக் கத்தரித்து வைத்திருந்தால் அந்தக் கடை வேண்டாம். என்னுடையதற்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

காசு கொடுப்பதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுன்டரில் கேட்டுவிடுங்கள். என்ஜின் மாறினால் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்ட்டில் உள்ள என்ஜின் எண்ணும் மாற வேண்டும், வண்டி புஸ்பாகோம் பரிசோதனைக்கும் போக வேண்டும். கடை ரசீதும், என்ஜின் முறைப்படி இறக்குமதியானதற்கான கஸ்டம்ஸ் தாளும் கையில் இருக்கட்டும். பிளாக்கில் அடித்த எண்ணைத் துணியால் துடைத்து, தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று சிக்கல் வரும். ரோட் டேக்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், 1,000 சிசி வரைக்கும் தனியார் வண்டிக்கு 20 வெள்ளிதான்.

அப்புறம் பிரேக். பழைய என்ஜின் இன்னும் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்டாயம். சுமார் 700 கிலோ வண்டியை நிறுத்த அந்தச் சின்ன டிஸ்க் பழைய வேகத்துக்குப் போதும், புதிய வேகத்துக்குப் போதாது. ஹாப்கட்டோடு முன்சக்கர நக்கிள், காற்றோட்டமுள்ள தடித்த டிஸ்க், கேலிப்பர் எல்லாம் வந்தால் அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கன்சிலின் லோவர் ஆர்மிலும் அப்சார்பரிலும் அவை சரியாக உட்காருகின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே கழற்றுங்கள். 12 அங்குல ரிம் கேலிப்பரில் உரசினால் 13 அங்குலம் போட வேண்டியதுதான். ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதியது, பின் டிரம்முக்குப் புது ஷூ, புது பிரேக் எண்ணெய். இதோடு பழைய என்ஜினிலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஊரில் பள்ளி விடும் நேரத்தில் மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். அந்த ரோட்டில் வண்டி நேராக, ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் வழி. கார்புரேட்டர் வண்டியில் பம்ப் மெல்லத் தள்ளும், அரை பார் அழுத்தம்கூட இருக்காது. இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு இரண்டரை முதல் மூன்று பார் வரை வேண்டும். பழைய ஹோஸை அப்படியே விட்டால் வெடிப்பிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும். எனக்கு நடந்தது. முதல் வண்டியில் இந்த வேலையை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் சாதாரண ஹோஸைப் போட்டு, திருகுக் கிளிப்பால் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். லிந்தாங் ரோட்டில் வரும்போது பெட்ரோல் வாசம். நிறுத்தி பானெட்டைத் திறந்தால், டர்போவுக்கு ஒரு சாண் தூரத்தில் ஹோஸ் வியர்த்துக்கொண்டிருந்தது. சிவந்து கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்தில். பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பெட்ரோல் ஹோஸை என் கையைத் தவிர யாரும் தொடுவதில்லை.

இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸ், முழு வட்டமாகக் கவ்வும் கிளிப், டாங்கிக்குத் திரும்பிப் போகும் தனி வழி, இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். டாங்கிக்குள் இன்ஜெக்‌ஷன் பம்ப் வைக்க முடிந்தால் அதுதான் நல்லது, பெட்ரோலே பம்பைக் குளிர்வித்துவிடும். பம்புக்குத் தனி ரிலேயும் ஃபியூஸும் வையுங்கள். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி இசியூவின் கட்டளையில் அந்த ரிலே ஓட வேண்டும். சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டால், மோதி நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது தரையில் இருக்கும் என்ஜினைக் கவனியுங்கள். வெளியே இருக்கும்போது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் மாற்றுவது சுலபம், உள்ளே போன பிறகு விரல் தோல் உரியும். ஆனால் எல்லாவற்றையும்விட நேரம் கொடுக்க வேண்டியது டர்போவுக்கு எண்ணெய் போகும் சின்னக் குழாய்க்குத்தான். அதன் முனையில் நடுவில் ஓட்டை போட்ட போல்ட் ஒன்று இருக்கும். என் இரண்டாவது வண்டியில் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை தெரியவில்லை. உள்ளே கரி, வாணலியின் அடியில் தீய்ந்து பிடித்தது போலக் கறுப்பாக, கெட்டியாக. மனைவியின் தையல் ஊசியை விட்டுச் சுரண்டினால் மணல் மணலாக விழுந்தது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டி, கொதிக்கக் கொதிக்க அணைத்த வண்டியில் இப்படித்தான் கரி படியும். அப்படியே மாட்டியிருந்தால் டர்போ எண்ணெய் இல்லாமல் ஒரு வாரத்தில் செத்திருக்கும். குழாயை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவையுங்கள், காற்றடித்து ஊதுங்கள், செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் திரும்பி இறங்கும் பெரிய குழாய் எங்கும் மடங்காமல், மேலேறாமல், சரிவாகவே இறங்க வேண்டும்.

வேக்கும் ஹோஸ்களில் பழையது ஒன்றைக்கூட நம்பாதீர்கள். அதிலும் டர்போவின் வேஸ்ட்கேட்டுக்கு (அழுத்தம் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) போகும் சின்ன ஹோஸ் கழன்றால் காற்றழுத்தத்தைத் தடுக்க ஆளில்லை, பிஸ்டன் உடையும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாள் வேலை, இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மவுண்டிங் பிராக்கெட்டுகளைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். டிரைவ் ஷாப்ட்டின் பல்லை எண்ணிப் பாருங்கள். கன்சிலின் வேக மீட்டர் கேபிளில் ஓடுவது, கியர்பாக்ஸில் அந்தக் கேபிளுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் மேலே தூக்குவதற்கு முன்பே பாருங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் என்ஜினுக்கு மேலே உட்காரும் வகையானால் பானெட்டில் காற்று வாய் திறக்க வேண்டும். ரேடியேட்டர் தடித்ததாகப் போடுங்கள், நம் ஊர் வெயிலுக்குப் பழையது தாங்காது.

ஒயரிங்கில் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். நிரந்தர மின்சாரம், சாவி போட்டதும் வரும் மின்சாரம், ஸ்டார்ட் சிக்னல், பம்ப் ரிலே, எர்த், இந்த ஐந்தையும் கண்டுபிடித்துவிட்டால் என்ஜின் ஓடும். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்குங்கள். நான் இரவு பகலாகத் தேடிய கோளாறுகளில் பாதி, பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்தில்தான் இருந்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, விசிறியைக் கையால் சுற்றுங்கள். காயிலின் ஒயர் பிளக்கையும் இன்ஜெக்டரின் ஒயர் பிளக்கையும் கழற்றிவிட்டு, டேஷ்போர்டில் எண்ணெய் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். பிறகு அவற்றை மாட்டி, சாவியை மட்டும் திருப்பி, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால்தான் ஸ்டார்ட். தீயணைப்புச் சிலிண்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கள் வண்டி ஓடத் தொடங்கிய அன்று அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "பழசை விட அதிருதேப்பா" என்றார். பார்த்தேன், பின் மவுண்டிங் போல்ட் ஒன்று முழுதாக இறுகவில்லை.

காற்றழுத்தத்தை ஏற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். அதே இன்ஜெக்டர், அதே இசியூவோடு காற்றை மட்டும் கூட்டினால் பெட்ரோல் போதாமல் தட்டல் வரும், பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடையும்.

நீண்ட தூரம் ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். முதல் எண்ணெயை 1,000 கிலோமீட்டரில் இறக்கி, வடிகட்டியை வெட்டித் தாள் மடிப்பில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். அதன்பின் 5,000-க்கு ஒரு தடவை. முதல் எண்ணெய் இறக்கும் அதே நாளில், என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளை ஒரு முறை இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது கட்டாயம் இரண்டு நட்டாவது தளர்ந்திருக்கும்.