உடைந்த டைல்ஸில் மொசைக் மேசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில்லுகளை அழகாக அடுக்குவதில் காட்டும் அக்கறையை அடிப்பலகையில் காட்டாததால்தான் பெரும்பாலான மொசைக் மேசைகள் வீணாகின்றன. பழைய சாமான் கடையில் மேசை வாங்கினால், முதலில் பலகையின் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால், சில்லுகளின் இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவையான கிரவுட்டின் ஈரத்திலேயே உப்பும். தேக்காக இருந்தாலும் நேரடியாக ஒட்டக்கூடாது. மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் விரிந்து கோடையில் சுருங்கும். சில்லு கூடவே அசையாது, இடையில் கிரவுட் வெடிக்கும். காலையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, மேலே ஈரம் தாங்கும் 18 மி.மீ. மரைன் பிளைவுட் போடுங்கள். 12 மி.மீ. போட்டால் நடுவில் தொய்யும். 2 அடிக்கு 2 அடி மேசையிலேயே டைல்ஸ், பசை, கிரவுட் எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ ஏறும். ஆடுகிற கால்களை முன்னதாகவே இறுக்கிவிட வேண்டும்.

வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டுவது அடுத்த தவறு. பிளைவுட் அதன் நீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாமல் பொடியாகும். தச்சர்களின் வெள்ளைப் பசை வீட்டுக்குள் ஓரளவு தாங்கும், ஈரம் பட்டால் இளகும். பாலிமர் கலந்த டைல்ஸ் பசையே நல்லது. பிளைவுட்டுக்கு ஏற்றது என்று பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக்கா ஒட்டிய பலகை என்றால் மைக்காவை உரித்துவிட்டுத்தான் வேலை.

அதிகம் பேர் சறுக்குவது கனத்தில்தான். சுவர் டைல்ஸ் 6 முதல் 8 மி.மீ., தரை டைல்ஸ் 8 முதல் 10, பீங்கான் தட்டு 4 அல்லது 5. கைவேலையான ஆத்தங்குடிக் கல்லோ கிட்டத்தட்ட 2 செ.மீ. இவற்றைக் கலந்து ஒட்டினால் டம்ளர் ஆடும், துணி மாட்டும். கனம்வாரியாகப் பிரித்துவையுங்கள். ஆத்தங்குடிக் கல்லை மற்றவற்றோடு சேர்க்கவே வேண்டாம். மற்ற கனங்களைக் கலப்பதென்றால், ஒட்டும் பிளாஸ்டிக் தாளை மேசைமேல் பசைப்பக்கம் மேலே வரும்படி விரித்து, சில்லுகளின் பளபளப்பான முகத்தை அதன்மேல் கவிழ்த்து அடுக்குங்கள். முதுகில் பசை பூசி, பலகையிலும் பூசி, தாளோடு திருப்பிப் பதியுங்கள். முகமெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும், உயர வித்தியாசத்தைப் பசை வாங்கிக்கொள்ளும். இந்த முறையில் படம் இடவலம் மாறும் என்பதை அடுக்கும்போதே கணக்கில் வையுங்கள். தட்டின் வளைந்த விளிம்பை 2 செ.மீ.க்கு மேல் பெரிதாக விடாதீர்கள்.

சில்லு உடைக்கும்போது சாக்கில் சுற்றி அடியுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பழைய பீங்கானின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம்; அதை வெட்டுவதானால் நனைத்து, முகக்கவசத்தோடு வெட்டுங்கள். முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டுக்குச் சாதாரணப் பசை ஆகாது, பின்னாலுள்ள ரசம் கறுத்துவிடும். அமிலம் கலக்காத நியூட்ரல் சிலிக்கான் பசை போடுங்கள்.

இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கினால் கிரவுட் உள்ளே இறங்காது. 2 முதல் 4 மி.மீ. விடுங்கள். ஒட்டி 24 மணி நேரம் கழித்தே கிரவுட் பூச வேண்டும். 2 அடி மேசைக்கு ஒரு கிலோ போதும். இலகுவாகப் பூச வருகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் காய்ந்தபின் விரிசல் விழுந்து பொடிப்பொடியாக உதிரும். பற்பசை பதம் சரி. கால் மணி நேரம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடையுங்கள். சொட்டும் ஸ்பாஞ்சு நிறத்தைத் திட்டுத்திட்டாக்கும். படியும் வெண்படலத்தை மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்தால் போகும். வினிகரும் எலுமிச்சையும் வேண்டாம், சிமெண்டை அரிக்கும்.

உடைந்த கூர்விளிம்பை ஒருபோதும் மேசையின் ஓரத்துக்குக் கொண்டுவராதீர்கள், குழந்தைகளின் கையைக் கிழிக்கும். டைல்ஸின் அசல் விளிம்பை வெளிப்பக்கம் வையுங்கள், அல்லது ஓரத்தில் மெல்லிய மரச்சட்டமான மரபீடிங் அடித்து, அதற்கும் சில்லுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டுச் சிலிக்கானால் நிரப்புங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு வெள்ளைக் கிரவுட் ஆசை வேண்டாம். குழம்பு சிந்திய மஞ்சள் கறை போகவே போகாது. சாம்பல் அல்லது காப்பி நிறம் எடுத்து, நன்றாக உலர்ந்தபின், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சான சீலர் இரண்டு கோட் அடியுங்கள்.