சின்த்பாப் கேட்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் மினி பஸ்ஸில் ஏறினாலும் சரி, திருவிழாவுக்குப் போனாலும் சரி, எலக்ட்ரானிக் இசை நெஞ்சில் வந்து இடிக்கும். அது ஒரு சுகம்தான். ஆனால் அதே பழக்கத்தில் பேஸை முழுக்க ஏற்றிவைத்துக்கொண்டு சின்த்பாப் கேட்க உட்காராதீர்கள். மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சின்தசைஸர் என்ற கருவியின் ஒலிகளை அடுக்கடுக்காக எழுப்பிச் செய்த பாட்டு அது. வூஃபர் ஓங்கினால் மேல் அடுக்கெல்லாம் காணாமல் போய்விடும். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துச் சொல்கிற ஊர் இது. அந்தக் காதே போதும். ஈக்வலைஸரை நேராக வைத்துவிட்டு, ஒரு சுமாரான ஹெட்போனில் கேளுங்கள்.

மான்செஸ்டரைச் சேர்ந்த நியூ ஆர்டர் குழு 1983இல் வெளியிட்ட 'ப்ளூ மண்டே'யில் தொடங்கலாம். சுருக்கிய வடிவம், ரீமிக்ஸ் எதுவும் வேண்டாம். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் மூலப் பாட்டையே எடுங்கள். குரல் வரவே சுமார் இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தள்ளி ஓட்டாமல் இருந்தால் ஒன்று பிடிபடும்: டிரம் ஒரு கணக்கில் போக, மேலே வரும் சின்த் மெட்டு கொஞ்சம் விலகி நடக்கும். குழுவின் கில்லியன் கில்பர்ட் ஸ்வரங்களை நீளமாக ஒட்டிய தாள்களில் எழுதிவைத்துக்கொண்டு, ஸ்வர வரிசையை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்ஸரில் ஏற்றினார். அதில் ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. அந்த விலகல் பாட்டிலேயே தங்கிவிட்டது. அது இல்லாமல் இந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

'எல்லாம் மிஷின் வேலை, உயிரே இல்லை' என்று ஒதுக்குவதுதான் எனக்கு மனசு வலிக்கும் தவறு. டெபேஷ் மோட் குழுவின் 'என்ஜாய் த சைலன்ஸ்' (1990) முதலில் அந்தக் குழுவின் மார்ட்டின் கோர் ஆர்மோனியத்தோடு மெதுவாகப் பாடிவைத்த பாட்டு. அதற்கு வேகம் கூட்டலாம் என்று சொன்னவர் குழுவிலிருந்த ஆலன் வைல்டர். ஆர்மோனியப் பெட்டியோடு வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான வாசல் ஏது? அதே குழுவின் 1981 துள்ளல் பாட்டான 'ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்'பை மட்டும் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா' என்று விடுவதும் சரியில்லை. அதை எழுதிய வின்ஸ் கிளார்க் அந்த ஆண்டே விலகி, ஆலிசன் மோயேவுடன் யாசூ குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய 'ஒன்லி யூ'வைக் கேட்டுப் பாருங்கள். உயிர் இல்லை என்று அப்புறம் சொல்ல வராது.

வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கச்சேரிக் குழுவில் பார்த்த அரேஞ்சர் கீபோர்டைத்தான் வாங்குகிறார்கள். மெல்லிசை மேடைக்கு அது அருமையான கருவி: நம்பரைத் தட்டினால் டோன், பட்டனை அமுக்கினால் ரிதம். சின்த்பாப்புக்கு டோனை நீங்களே செய்ய வேண்டும். ஃபில்டரை மெல்லத் திறக்கும்போது மங்கிய ஒலி எப்படிப் பளிச்சென்று ஆகிறது, விசையை விட்டபின் எவ்வளவு நேரம் இழைகிறது, இதெல்லாம் கைப்பழக்கம். போனிலேயே இலவச சின்த் ஆப்கள் இருக்கின்றன. அதில் கொஞ்ச நாள் திருகிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

முதலில் காதில் விழுந்ததையே மூலம் என்று அடித்துப் பேசவும் வேண்டாம். சாஃப்ட் செல் குழு 1981இல் ஹிட்டாக்கிய 'டெயின்டட் லவ்', குளோரியா ஜோன்ஸ் 1960களிலேயே பாடியது.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்' என்பதும் தப்பு. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்டின் 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் கருவியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அதே 303இன் ஒலியை வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையின் இசைத்தட்டுகள் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். சிங்கின் ஆல்பத்தில் வரும் பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். ராகம் பிடிபடுகிறவர்கள் இந்த இரண்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.