ராஸ்பெர்ரி பைக்கு எந்த அடாப்டர் பொருந்தும்? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள என் வீட்டில், குடும்பப் படங்களைச் சேமித்து வைப்பதற்காக ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை அமைத்தபோது, கையில் கிடைத்த திறன்பேசி சார்ஜரையும் மேசைக்குள் கிடந்த ஒரு மெல்லிய கேபிளையும் அதற்குப் பொருத்தினேன். சும்மா இருக்கும்போது நன்றாக ஓடிய பலகை, கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கியதும் தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு கார்டுகளை வீணாக வாங்கிய பின்னரே, கோளாறு மின்சாரத்தில் இருப்பது புரிந்தது. அந்தச் செலவு உங்களுக்கு நேராமல் இருக்க, கீழ்க்கண்ட வரிசையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படியாக, உங்கள் பலகைக்கு எவ்வளவு மின்னோட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று பாருங்கள். பை 3 பி பிளஸ் பலகைக்கு மைக்ரோ யூ.எஸ்.பி. வழியாக 2.5 ஆம்பியரும், பை 4 பலகைக்கு டைப்-சி வழியாக 3 ஆம்பியரும், பை 5 பலகைக்கு 5 ஆம்பியரும் பரிந்துரைக்கப்படுகின்றன. மூன்றுக்கும் மின்னழுத்தம் 5.1 வோல்ட். அதிக ஆம்பியர் கொண்ட அடாப்டரால் பலகை எரிந்துவிடுமோ என்று புதியவர்கள் பலர் அஞ்சுகிறார்கள். மின்னழுத்தம் சரியாக இருக்கும் வரை, பலகை தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, பலகையில் செருகப் போகும் கருவிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பை 4 தன் யூ.எஸ்.பி. துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர் மட்டுமே தரும் என்பதால், இரண்டு கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளை நேரடியாகச் செருகுவதை விட, தனி மின்சாரம் பெறும், பல யூ.எஸ்.பி. துளைகள் கொண்ட ஹப் ஒன்றின் வழியாக இணைப்பதே நல்லது.

மூன்றாவது படி, அடாப்டரில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. பெட்டியில் பெரிதாகத் தெரியும் வாட் எண் இங்கே அவ்வளவாக உதவாது. 65 வாட் என்று விற்கப்படும் மடிக்கணினி சார்ஜர், அந்த முழுத் திறனை 20 வோல்டில்தான் தருகிறது. 5 வோல்டில் அது பெரும்பாலும் 3 ஆம்பியரோடு, அதாவது 15 வாட்டோடு நின்றுவிடும். பை 4-க்கு இது போதும். பை 5 கேட்கும் 5 வோல்ட், 5 ஆம்பியர் இணைப்பைச் சாதாரண சார்ஜர்கள் தருவதில்லை. ஆகவே 3 ஆம்பியர் மட்டுமே கிடைத்தால், அந்தப் பலகை தன் யூ.எஸ்.பி. துளைகளுக்கான மின்னோட்டத்தை 1.6 ஆம்பியரிலிருந்து 0.6 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும். பை 5 வைத்திருப்பவர்கள் அதற்கென்றே வரும் 27 வாட் அடாப்டரை வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இனி, பலரும் தவறவிடும் கேபிள். செப்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால் நீளத்தை இரட்டிப்பாகவே கணக்கிட வேண்டும். கம்பியின் தடிமனை ஏ.டபிள்யூ.ஜி. என்ற எண்ணால் குறிப்பார்கள். 28 ஏ.டபிள்யூ.ஜி. அளவுள்ள மெல்லிய கம்பியின் தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் பாயும்போது 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5.1 வோல்டாகப் புறப்பட்டது 4.25 வோல்டாகவே பலகையை அடையும். பலகையோ 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கிவிடும். 20 ஏ.டபிள்யூ.ஜி. கம்பியில் 3 ஆம்பியர் பாய்ந்தாலும் இழப்பு 0.2 வோல்ட் அளவில்தான் இருக்கும். என் வீட்டுக் கேபிளின் உறையில் 28 என்ற எண் தெளிவாகவே அச்சாகியிருந்தது. எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. ஆகவே குட்டையான, தடித்த கேபிளைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் நிரந்தரமாக இணைக்கப்பட்ட அடாப்டர் என்றால் இந்தக் கவலை பெரிதும் தீரும்.

புடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளிலோ லோயாட் பிளாசாவிலோ வாங்கும்போது, நம் ஊர் மூன்று முனைப் பிளக்கும், மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வாங்கிய இரண்டு முனைப் பிளக்கை, மேல் துளையில் பேனாவை நுழைத்துச் செருகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரவு பகலாக ஓடும் கருவிக்கு அது வேண்டாம்.

கடைசியாக, பலகையை நன்றாக வேலை வாங்கிச் சோதியுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தபடியே ஒரு காணொளியையும் ஓடவிட்டால் போதும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினாலோ, பை 4-இல் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு அணைந்தாலோ, மின்னழுத்தம் குறைகிறது என்று பொருள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு அடாப்டரை. மல்டிமீட்டர் இருந்தால், பலகையில் உள்ள 40 முனை வரிசையில் 2-ஆம் முனைக்கும் 6-ஆம் முனைக்கும் இடையே அளக்கலாம். பக்கத்திலேயே உள்ள 1-ஆம் முனை 3.3 வோல்டுக்கு உரியது என்பதால், அளவுக் கம்பி வழுக்கி இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் பலகை பழுதாகிவிடும். வேலைப்பளு உச்சத்தில் இருக்கும்போதும் 4.8 வோல்டுக்கு மேல் காட்டினால், அந்த அடாப்டரையும் கேபிளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.